குற்றாலச் சாரலும் கடல் கடந்த எரிமலையும்

வைகாசி கடைசியில் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்து விவசாயிகள் மேற்கே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மலைமுகட்டில் மேகம் இறங்குகிறதா, ஆரியங்காவு கணவாய் வழியாக மேல்காற்று வருகிறதா, மதியத்துக்கு மேல் சாரல் விழுகிறதா என்பதுதான் அவர்களுக்கு வானிலை அறிக்கை. வெளியூர்க்காரருக்குச் சாரல் என்றால் ஐந்தருவியில் ஒரு குளியல். நமக்கோ சிற்றாற்றில் தண்ணீர், குண்டாறு, அடவிநயினார் அணைகளின் நீர்மட்டம், காருக்கு நாற்றங்கால் பாவலாமா வேண்டாமா என்ற முடிவு எல்லாம் அந்தச் சாரலில்தான் இருக்கிறது.

அந்தச் சாரலுக்கும் ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி வெடிக்கும் எரிமலைக்கும் தொடர்பு உண்டா? 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவில் ஹைலி குப்பி எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் மேகம் செங்கடலையும் அரபிக்கடலையும் தாண்டிக் குஜராத், ராஜஸ்தான், டெல்லி வரை வந்தது. விமானங்கள் ரத்தாயின. அதற்குப் பிறகு விவசாயிகள் கூட்டங்களில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன்: "சார், அந்தச் சாம்பல் நம்ம மழையைக் கெடுத்திருமா?"

அந்தச் சாம்பல் கெடுக்காது. ஆனால் எரிமலை மழையைக் கெடுத்த காலங்கள் உண்டு. அரசுகள் ஆட்டம் கண்ட அளவுக்குக் கெடுத்திருக்கிறது. எது கெடுக்கும், எது கெடுக்காது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த பெரிய வெடிப்பு நடக்கும்போது வாட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தலையும் உண்மையான எச்சரிக்கையையும் பிரித்தறிய அது உதவும்.

சாம்பல் இல்லை, கந்தகம்

எரிமலை என்றதும் நம் கண்ணில் படுவது கரும்புகையும் சாம்பலும். சாம்பல் கனமானது. சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் தரையில் விழுந்துவிடும். வானிலையை மாற்றுவது கண்ணுக்குத் தெரியாத கந்தக டை-ஆக்சைடு வாயு. நம் மழை மேகங்கள் எல்லாம் வெப்பமண்டலத்தில் சுமார் 16, 17 கிலோமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே மழையும் இல்லை, மேகமும் அபூர்வம். வெடிப்பு அந்த உயரத்தையும் தாண்டிக் கந்தகத்தைத் தூக்கி எறிந்தால், அதைக் கழுவி இறக்க அங்கே மழை கிடையாது. வாயு அங்குள்ள நீராவியோடு சேர்ந்து நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாகிறது. அந்தத் துளிகள் ஓராண்டு, இரண்டாண்டு வரை மிதந்துகொண்டே உலகைச் சுற்றும். சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி விண்வெளிக்கே அனுப்பும்.

ஆக, பார்க்க வேண்டியவை மூன்று: எவ்வளவு கந்தகம், எவ்வளவு உயரம், எந்த இடம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வெடித்தால் துளிகள் வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் பரவும். துருவத்துக்கு அருகில் வெடித்தால் பெரும்பாலும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். ஹைலி குப்பியின் கந்தகம் இந்தக் கணக்கில் மிகச் சொற்பம். 2010-ல் ஐரோப்பிய விமானப் போக்குவரத்தையே நிறுத்திய ஐஸ்லாந்து எரிமலையும் அப்படித்தான். பேர் பெரிசு, கந்தகம் கொஞ்சம். 2022 ஜனவரி 15-ல் பசிபிக் கடலில் வெடித்த ஹுங்கா டோங்கா உலகெங்கும் பாரமானிகளை அசைத்தது. அது மேலே ஏற்றியதில் பெரும்பகுதி கடல்நீரின் ஆவி. கந்தகம் சுமார் 5 லட்சம் டன்தான். 1991-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் வெடித்த பினடுபோ ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் வரை ஏற்றியது. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

இனி மழைக்கு வருவோம். சித்திரை, வைகாசி வெயிலில் நிலம் கொதிக்கிறது. கடல் அவ்வளவு சீக்கிரம் சூடேறுவதில்லை. நிலத்தின் மேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று ஈரத்தோடு ஓடி வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். வானத்தில் கந்தகத் திரை விழுந்தால் முதலில் குளிர்வது நிலம். கடல் தன் சூட்டை எளிதில் விடாது. நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறைந்தால் காற்றை இழுக்கும் வேகம் தளர்கிறது. கடலில் ஆவியாகும் நீரும் குறைகிறது. குளிர்ச்சி அரை டிகிரிதானே என்று தோன்றும். வெப்பநிலையில் அரை டிகிரியை நாம் உணரமாட்டோம். மழையில் அதன் விளைவை உணர்வோம்.

நைலுக்கு நேர்ந்தது

இதற்கு மிகத் தெளிவான சாட்சி எகிப்தில் இருக்கிறது. எகிப்தில் மழை என்பது அநேகமாகக் கிடையாது. ஆனாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கோதுமையும் பார்லியும் விளைந்தன. காரணம், ஆண்டுதோறும் கோடையில் நைல் நதி பொங்கி வயல்களை நனைத்து வண்டல் விட்டுப் போகும். அந்த வெள்ளம் வருவது எத்தியோப்பிய மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழையால். நம் தென்மேற்குப் பருவமழையும் அதே மாதங்களில், அதே சூட்டு விளையாட்டில் பிறப்பதுதான். சிற்றாற்றின் ஆடி வெள்ளத்தையும் நைலின் வெள்ளத்தையும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னால் பெரிய தவறில்லை.

எகிப்தியர் வெள்ளத்தின் உயரத்தை அளக்கக் கல்லில் அளவுகோல் வெட்டி வைத்திருந்தார்கள். நீர் எவ்வளவு ஏறியது என்பதைப் பார்த்துத்தான் அந்த ஆண்டு வரி. நம் குளங்களில் மடைக்கல்லைப் பார்த்து ஆயக்கட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்வது போலத்தான். இன்னொரு பக்கம், கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் ஆண்டுக்கொரு படலமாகப் படிந்த பனிப்பாளங்களைத் துளைத்து எடுத்து, எந்த ஆண்டுப் படலத்தில் கந்தகம் அதிகம் என்று அளக்கிறார்கள். மரத்தில் வளையம் எண்ணுவது போன்ற வேலை. இந்த இரண்டையும் வரலாற்று ஆவணங்களோடு வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. பெரிய வெடிப்பு நடந்த ஆண்டுகளில் நைல் வெள்ளம் குறைந்திருக்கிறது. தாலமி அரசர்கள் ஆண்ட காலத்தில் அதை ஒட்டி மக்கள் கிளர்ச்சிகள் கிளம்பியிருக்கின்றன. அண்டை நாட்டோடு நடத்திய போரைப் பாதியில் விட்டு அரசன் ஊர் திரும்பிய கதையும் அதில் வருகிறது.

அந்த அரச வம்சத்தின் கடைசி ஆள்தான் நாம் சினிமாவில் பார்க்கும் கிளியோபாட்ரா. கிமு 43-ன் தொடக்கத்தில் அலாஸ்காவில் ஓக்மோக் என்ற எரிமலை பெரிதாக வெடித்தது. தொடர்ந்து நைல் பொய்த்தது. எகிப்தில் பஞ்சமும் நோயும் பரவின. சில ஆண்டுகளில் அந்த அரசே ரோமாபுரியின் கைக்குப் போனது. எரிமலைதான் கிளியோபாட்ராவைக் கவிழ்த்தது என்று நான் சொல்லமாட்டேன். அரசியலும் போரும் போதுமான அளவு இருந்தன. ஆனால் களஞ்சியம் காலியாக இருக்கும்போது எந்த அரசும் பலமாக இருப்பதில்லை.

இதே கதை 1783-லும் நடந்தது. ஐஸ்லாந்தில் லாக்கி என்ற பிளவிலிருந்து எட்டு மாதம் நெருப்புக் குழம்பும் வாயுவும் வந்தன. மொத்தம் சுமார் 12 கோடி டன் கந்தக டை-ஆக்சைடு. புல்லில் படிந்த ஃபுளோரின் நஞ்சால் ஆடு மாடுகள் செத்தன. ஐஸ்லாந்து மக்களில் ஐந்தில் ஒரு பங்கு பஞ்சத்தில் மடிந்தது. நைல் மீண்டும் தாழ்ந்தது. அதே 1783-84-ல் வட இந்தியாவில் சாலீசா பஞ்சம். இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த ஆண்டுகளில் எல் நினோவும் இருந்தது. இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இரண்டு தாது வருஷங்கள்

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது 1876-ல் தொடங்கிய பஞ்சம். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும். அதற்கு முந்தைய தாது 1816. அந்த ஆண்டை ஐரோப்பாவும் அமெரிக்காவும் "கோடையே வராத ஆண்டு" என்று இன்றும் நினைவு வைத்திருக்கின்றன.

1815 ஏப்ரலில், இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் உள்ள தம்போரா வெடித்தது. ஏப்ரல் 5-ல் முழங்கி, 10-ல் உச்சம் தொட்டது. நாலாயிரம் மீட்டருக்கு மேல் நின்ற மலை, வெடித்து முடிந்தபோது 2,850 மீட்டராகக் குறைந்திருந்தது. வரலாற்றில் பதிவான வெடிப்புகளில் இதுவே பெரியது. வெடிப்பிலும், அதைத் தொடர்ந்த பட்டினியிலும் நோயிலும் அந்தத் தீவுகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே போன கந்தக டை-ஆக்சைடு சுமார் 6 கோடி டன்.

மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் வடகிழக்கில் பனி விழுந்தது. மக்காச்சோளப் பயிர் கருகியது. சுவிட்சர்லாந்திலும் தென் ஜெர்மனியிலும் மழை விடாமல் பெய்து, கதிர் முற்றாமல் வயலிலேயே அழுகியது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் குளிரில் நெல் பதராகிப் பஞ்சம் வந்தது. நெல் பயிரிடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: பூக்கும் தருணத்தில் குளிர் அடித்தால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது. நம் ஊரில் அந்தப் பயம் இல்லை. நமக்குப் பயம் தண்ணீர்தான். 1816-ல் வங்காளத்தில் பருவமழை முறை தவறியது. 1817-ல் ஜெசூரில் காலரா வெடித்து, 1818-ல் சென்னை மாகாணத்துக்கும் பிறகு இலங்கைக்கும் பரவியது. மழை தவறியதுதான் காலராவுக்குக் காரணம் என்று எழுதியவர்கள் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. எனக்கு மறுப்பவர்களின் வாதமே கனமாகத் தெரிகிறது. வங்காளத்தில் காலரா அதற்கு முன்பும் இருந்த நோய். அதைத் தூரம் கொண்டுபோனவை படைகளும் வணிகமும் யாத்திரையும்.

இந்த ஆண்டு விவசாயக் கல்வியிலும் ஒரு தடம் விட்டிருக்கிறது. பஞ்சம் கண்ட வூர்ட்டம்பெர்க் அரசர் முதலாம் வில்ஹெல்ம், இனி விளைச்சலை அதிர்ஷ்டத்துக்கு விடக்கூடாது என்று 1818-ல் ஹோஹன்ஹைமில் ஒரு வேளாண் பள்ளியைத் தொடங்கினார். அது இன்று உலகம் அறிந்த வேளாண் பல்கலைக்கழகம். பயிருக்கு எந்தச் சத்து குறைவோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்ற விதியைப் பரப்பிய லீபிக், 1816-ல் ஜெர்மனியில் 13 வயதுச் சிறுவன். இன்று நாம் மண் பரிசோதனை அட்டையைப் பார்த்து உரம் போடுவதற்குப் பின்னால் அந்தக் காலத்தின் பசியும் கொஞ்சம் இருக்கிறது.

சரி, 1876 தாது வருஷத்துக்கும் எரிமலைதான் காரணமா? கிடையாது. அந்தப் பஞ்சத்துக்குப் பின்னால் இருந்தது பசிபிக் கடலில் உண்டான மிகக் கடுமையான எல் நினோ. அதன் மேல், பஞ்சத்திலும் தானியத்தை ஏற்றுமதி செய்ய விட்ட ஆட்சி. தாது என்ற பெயர் இரண்டுக்கும் பொருந்தியது தற்செயல். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் தென்னிந்தியத் தேக்கு மரங்களின் வளையங்களை 500 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி எண்ணியிருக்கிறார்கள். வளையம் ஒடுங்கிய வறட்சி ஆண்டுகள் பெரும்பாலும் எல் நினோ ஆண்டுகளோடு பொருந்துகின்றன. ஆகவே மழை பொய்த்தால் முதல் சந்தேகம் எல் நினோ மேல்தான் விழ வேண்டும். எரிமலை அரிதாக வரும் குற்றவாளி.

இன்னொரு பொருத்தமும் நம் வட்டாரத்தில் ஆசை காட்டும். 1809-ஐ ஒட்டி வெப்பமண்டலத்தில் எங்கோ ஒரு பெரிய எரிமலை வெடித்ததைப் பனிப்பாளங்கள் காட்டுகின்றன. எந்த மலை என்று உலகில் யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. 1809 முதல் 1811 வரை திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், கோவை ஜில்லாக்களில் கொடிய காய்ச்சல் பரவி, கம்பெனி அரசு மருத்துவர் குழு ஒன்றை அனுப்பி விசாரிக்க வைத்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு பரபரப்பான கட்டுரை எழுதிவிடலாம். ஒரே காலத்தில் நடந்தது என்பதைத் தவிர வேறு சான்று இல்லாதவரை அந்த முடிச்சை நான் போடமாட்டேன்.

பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு பஞ்சம் வந்ததாக இறையனார் களவியல் உரை சொல்கிறதே, அது எரிமலையாக இருக்குமோ என்று படித்த விவசாயி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. விடை கந்தகத்தின் ஆயுளில் இருக்கிறது. ஒரு வெடிப்பின் திரை இரண்டு, மூன்று ஆண்டில் கரைந்துவிடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரே ஒரு எரிமலை போதாது. அடுத்தடுத்து வெடித்தால் கதை வேறு. கிபி 536-லும் 540-லும் அப்படி நடந்தது. 536-ல் ஒன்றரை ஆண்டுக்குச் சூரியன் நிலாவைப் போல் மங்கிக் கிடந்ததாக மத்தியதரைக் கடல் நாட்டு எழுத்தர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். வட அரைக்கோளத்தில் அதன் பின் பல பத்தாண்டுகள் குளிர் நீடித்தது.

பச்சைச் சூரியனும் பயிரின் வெளிச்சமும்

தென்னிந்தியர் எரிமலையைக் கண்ணால் கண்ட ஆண்டு ஒன்று உண்டு. 1883 ஆகஸ்ட் 27-ல் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே கிரகடோவா வெடித்தது. 4,800 கிலோமீட்டர் தள்ளி ரோட்ரிக்ஸ் தீவில் பீரங்கிச் சத்தம் போலக் கேட்டது. செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் காலை மாலைகளில் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் உதித்து மறைந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அந்த ஒளியை நிறமாலைமானியில் ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவரும் அவரே.

வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவது ஒரு காரணத்துக்காக. எரிமலை மழையை மட்டும் தொடுவதில்லை. இலைமேல் விழும் ஒளியையும் மாற்றுகிறது. பினடுபோவுக்குப் பிறகு நேரடி வெயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அதேசமயம் வானம் முழுவதும் சிதறி வரும் ஒளி கூடியது. மொத்தக் கணக்கில் இழப்பு சில சதவீதம்தான். சிதறிய ஒளி அடுக்கடுக்கான இலை உள்ள காட்டுக்கு நல்லது. அடி இலை வரை எட்டும். அமெரிக்காவில் ஒரு காட்டில் ஒளிச்சேர்க்கை கூடியதாகவே அளந்தார்கள். அப்படியென்றால் பயிருக்கும் லாபமா? உலக நாடுகளின் விளைச்சல் புள்ளிவிவரத்தை வைத்து 2018-ல் வந்த ஆய்வு இல்லை என்கிறது. பினடுபோ உண்டாக்கிய ஒளி மாற்றத்தால் மட்டும் மக்காச்சோளம் சுமார் 9 சதவீதமும், நெல், கோதுமை, சோயா சுமார் 5 சதவீதமும் குறைந்தன.

சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கத்து மக்காச்சோளக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சோளம், மக்காச்சோளம் போன்றவை முழு வெயிலைச் சாப்பிட்டு வளர்கிறவை. மங்கல் அவற்றுக்கு ஆகாது. கார் நெல்லுக்கு வேறு சிக்கல். சாரல் மாதங்களில் நமக்கு ஏற்கெனவே வெளிச்சம் குறைவு. பிசான நெல் காரைவிடக் கூடுதலாக விளைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஆய்வைச் செய்தவர்கள் எரிமலைக்காகச் செய்யவில்லை என்பது இன்னொரு விஷயம். பூமி சூடாவதைத் தடுக்க, விமானத்தில் போய்க் கந்தகத்தை மேல்வானில் தூவலாம் என்று சில நாடுகளில் யோசனை ஓடுகிறது. செயற்கையாக ஒரு பினடுபோ. குளிர்ச்சியால் பயிருக்குக் கிடைக்கும் நன்மையை ஒளி குறைவதால் வரும் நட்டம் தின்றுவிடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதோடு, வடபாதி உலகில் மட்டும் தூவினால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரக்கூடும். தூவுவது பணக்கார நாடாக இருக்கலாம். மழை நகர்வது நம் வயலிலிருந்தாக இருக்கலாம். இந்தப் பேச்சு நடக்கும் மேசைகளில் பருவமழையை நம்பி வாழும் நாடுகள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

நம் மண் எரிமலை மண்ணா?

எரிமலை என்றால் சிலர் கரிசலை நினைக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் கரிசல், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்த நெருப்புக் குழம்புப் பாறையிலிருந்து வந்தது, உண்மை. சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலுக்கு அந்தக் கதை பொருந்தாது. இது பெரும்பாலும் நைஸ் வகைப் பாறை, வறண்ட சமதளத்தில் நீண்ட காலம் மட்கி உண்டான கறுப்பு மண். இரண்டும் வெடிக்கும், இரண்டும் பருத்திக்கு ஆகும், பிறப்பு வேறு. குற்றால மலையும் எரிமலை கிடையாது. அது பூமியின் ஆழத்தில் அழுத்தத்திலும் சூட்டிலும் உருமாறிய மிகப் பழைய பாறை. பேரருவியில் பொங்குமாங்கடலைக் குடைந்தது நெருப்பு அல்ல, தண்ணீர்.

எரிமலையோடு குற்றாலத்துக்கு உள்ள உண்மையான உறவு தோட்டங்களில் இருக்கிறது. ஜாதிக்காயின் தாயகம் பாண்டா தீவுகள். அங்கே நடுவில் எரிமலை நிற்கிறது. கிராம்பு பிறந்தது டெர்னாட்டே, டிடோர் என்ற எரிமலைத் தீவுகளில். 1796-ல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பாண்டாவையும் அம்போய்னாவையும் பிடித்தார்கள். அதன் பிறகு நாற்றுகள் பல நாடுகளுக்குப் போயின. குற்றாலத்திலும் கம்பெனி வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. எரிமலைச் சாம்பல் இல்லாமலேயே, மலைமண்ணும் சாரலும் போதும் என்று அவை இங்கே வேர் பிடித்தன.

நாட்டுக்குள் எரிமலைச் சாம்பலைக் கையில் அள்ள வேண்டுமானால் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்துக்குப் போக வேண்டும். சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது வந்து விழுந்த சாம்பல், தண்ணீர் அடித்துச் சேர்த்ததால் அங்கே இரண்டு மீட்டருக்கு மேல் கனத்தில் கிடக்கிறது. அதற்குக் கீழேயும் மேலேயும் ஆதிமனிதரின் கல் ஆயுதங்கள் கிடைத்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே வகை. அவ்வளவு பெரிய வெடிப்பையும் மனிதர் தாக்குப்பிடித்திருக்கிறார்கள் என்று தோண்டியவர்கள் கருதுகிறார்கள். வேட்டையாடிய மனிதன் இடம் மாறிப் பிழைத்தான். வயலும் கிணறும் கடனும் உள்ள நாம் இடம் மாற முடியாது.

நாம் என்ன செய்ய முடியும்?

அடுத்த பெரிய வெடிப்பு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. வெடித்த பிறகு, நமக்குச் சில மாத அவகாசம் கிடைக்கும். எல்லா வறட்சியிலும் அது கிடைப்பதில்லை. செய்தி வரும்போது கந்தக டை-ஆக்சைடு எத்தனை டன் என்று பாருங்கள். செயற்கைக்கோள்கள் சில நாட்களில் அளந்து சொல்லிவிடும். பத்து லட்சம் டன்னுக்குக் கீழே என்றால் வேலையைப் பாருங்கள். வெப்பமண்டலத்தில் 50 லட்சம், ஒரு கோடி டன் என்று வந்தால், அடுத்த இரண்டு காருக்குத் திட்டத்தை மாற்ற வேண்டும். 1982-ன் வசந்தத்தில் மெக்சிகோவில் எல் சிச்சோன் சுமார் 70 லட்சம் டன் ஏற்றியது. அந்த ஆண்டு இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை சுமார் 15 சதவீதம் குறைவு. அந்த ஆண்டும் பெரிய எல் நினோ கூட இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விளைவு என்றும் இல்லை. கணினி மாதிரிகள் ஆசியா முழுக்க மழை குறையும் என்கின்றன. மர வளையங்களோ வெடிப்புக்குப் பின் தென்கிழக்கு ஆசியாவில் ஈரம் கூடியதையும் மத்திய ஆசியாவில் வறண்டதையும் காட்டுகின்றன. அதனால் ஏப்ரல் நடுவிலும் மே கடைசியிலும் இந்திய வானிலைத் துறை தரும் பருவமழை முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தென்காசி மாவட்டத்தின் பலவீனம் அணைகளின் அளவு. குண்டாறு 36 அடி, கருப்பாநதி 72 அடி, ராமநதி 84 அடி, கடனாநதி 85 அடி, அடவிநயினார் 132 அடி. எல்லாம் ஒரு பருவத்தில் நிரம்பி அதே பருவத்தில் காலியாகும் அணைகள். ஒரு ஆண்டுத் தண்ணீரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக இவற்றால் முடியாது. ஒரு சாரல் தவறினால் அந்தக் கார் போச்சு. ஆனால் நமக்கு இரண்டாவது வாய்ப்பு ஒன்று உண்டு, வடகிழக்குப் பருவமழை. எல் நினோ ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அந்த மழை குறையாமல், பல முறை கூடுதலாகவே பெய்திருக்கிறது. ஆகவே சந்தேகமான ஆண்டில் காரில் சூதாடாமல், பிசானத்துக்குக் குளத்தைத் தயாராக வைப்பது புத்திசாலித்தனம். கோடையில் வரத்துக்கால்வாயைத் தூர்வாரி, மடை ஒழுக்கை அடைத்து வைத்தால், ஐப்பசியில் வரும் முதல் வெள்ளமே குளத்தில் நிற்கும்.

காரில் நெல்தான் போடுவேன் என்றால் 105 முதல் 115 நாள் ரகத்தோடு நிறுத்துங்கள். அம்பாசமுத்திரம் 16 நம் மண்ணுக்குப் பழகியது. கடைமடைக்காரர்கள் உளுந்து, எள் என்று மாறலாம். சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி போடுகிறவர்கள், ஈரம் பார்த்து விதைப்பைத் தள்ளிப்போடலாம். வானம் மங்கலாக இருக்கும் பருவத்தில் தழைச்சத்தைக் கூட்டாதீர்கள். வெளிச்சம் குறைந்து யூரியா கூடினால் பயிர் துள்ளி வளர்ந்து சாயும்; குலைநோய் தேடி வரும். மூன்று, நான்கு தவணையாகப் பிரித்துப் போட்டு, சாம்பல் சத்தைக் குறைக்காமல் கொடுங்கள். தென்னைக்கு வட்டப்பாத்தியில் மட்டையும் உரிமட்டையும் பரப்பி ஈரத்தைக் காப்பாற்றுங்கள்.

விதையை விட்டுவிடக்கூடாது. மழை தவறிய ஆண்டுக்கு மறு ஆண்டுதான் விதைத் தட்டுப்பாடு வரும். பிசான அறுவடையில் ஒரு ஏக்கருக்கான விதைநெல்லைக் கூடுதலாக எடுத்து, 13 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே காயவைத்து, புதுச் சாக்கில் கட்டித் தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். சாரல் ஊரில் விதை சீக்கிரம் முளைப்புத்திறன் இழக்கும். அதனால் பாவுவதற்குப் பத்து நாள் முன்பு நூறு மணி எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். எண்பதுக்குக் குறையாமல் முளைத்தால் அந்த விதையைப் பாவலாம். குறைந்தால் அரைத்துச் சாப்பிட்டுவிட்டு வேறு விதை வாங்குங்கள்.